பட்டியலில் யார் பெயர்? – வெண்ணெய் மலையின் கதை: அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தை 1992இல் நிறுத்தியிருந்தோம். அயர்லாந்தின் ஸ்லைகோ ஊர்க்காரரான ரே மக்‌ஷாரி, ஐரோப்பிய சமூகத்தின் வேளாண் ஆணையராக இருந்தபோது தானியங்களின் ஆதரவு விலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெட்டினார். அந்த இழப்புக்கு ஈடாக, இத்தனை ஹெக்டேருக்கு இவ்வளவு, இத்தனை மாட்டுக்கு இவ்வளவு என்று விவசாயியின் கையில் நேரடியாகவே பணம் கொடுக்கும் முறை வந்தது. வாங்க ஆளின்றிக் கிடங்குகளில் குவிந்திருந்த வெண்ணெய் மலை கரைந்ததையும், பாரிஸ் வீதிகளில் டிராக்டர்கள் இறங்கியதையும் பார்த்தோம். அந்தச் சந்தடியில் எவர் கண்ணிலும் படாமல் இன்னொரு காரியமும் நடந்துவிட்டது. மானியத்துக்கு முதன்முறையாக ஒரு பெயர் கிடைத்தது.

விலை ஆதரவுக் காலத்தில் மானியத்துக்கு முகமே கிடையாது. கோபன்ஹேகனில் ஒரு குடும்பத்தலைவி கால் கிலோ வெண்ணெய்க்குக் கூடுதலாகக் கொடுத்த காசு எந்தப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. சந்தை விலைக்குள் கரைந்து போகிற பணத்தை யார் கணக்கில் எழுதுவது? காசோலை என்று வந்தபிறகு நிலைமை வேறு. காசோலையில் பெயர் எழுதாமல் முடியாது. பெயரை எழுதுமுன் அவரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். அதே 1992இல் இதற்கென்று ஒரு பெரிய நிர்வாக ஏற்பாடே வந்தது. ஒவ்வொரு வயலுக்கும் எண், வயல்களுக்கு வரைபடம், மாட்டுக்கு அடையாளக் குறி, ஆண்டுதோறும் விண்ணப்பப் படிவம், எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. பிழையாக எழுதியவருக்கு அபராதமும் உண்டு. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கவே இந்தத் தரவுக் கிடங்கைக் கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு பத்திரிகையாளர் வந்து அதன் சாவியைக் கேட்பார் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

2003இல் வேளாண் ஆணையராக இருந்த ஆஸ்திரியரான ஃபிரான்ஸ் ஃபிஷ்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். இனி எதையும் விளைவிக்க வேண்டும் என்றுகூட இல்லை; நிலத்தைச் சீராக வைத்திருந்தாலே பணம் வரும். யாருக்கு எவ்வளவு என்பதைப் பல நாடுகள் 2000 முதல் 2002 வரை அவரவர் வாங்கியதன் சராசரியை வைத்தே முடிவு செய்தன. அதாவது, முன்பு நிறைய வாங்கியவர் இனியும் நிறைய வாங்குவார். ஐந்து பேர் வாங்கினால் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஒருவருக்கே போகிறது என்பது பிரஸ்ஸல்ஸில் பழைய செய்திதான். 80 சதவீதப் பணம் 20 சதவீதப் பண்ணைகளுக்குப் போகிறது என்று மக்‌ஷாரியே தன் சீர்திருத்தத்துக்கு வாதாடும்போது சொல்லியிருக்கிறார். அந்த 20 சதவீதத்தில் யார் யார் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. ஆண்டுக்கு 5,000 கோடி யூரோவை நெருங்கிய செலவு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த வரவுசெலவில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். சிறு பண்ணைக் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று மேடைதோறும் பேசினார்கள்.

முதலில் கதவைத் திறந்த நாடுகளில் ஒன்று டென்மார்க். அண்டை நாடான ஸ்வீடன் 1766லேயே அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்ட நாடு. அந்தப் பக்கத்துக் காற்று இங்கும் உண்டு. நில்ஸ் முல்வாட் என்ற பத்திரிகையாளர் ஆர்ஹூஸ் நகரில் தரவுகளை அலசிச் செய்தி எழுதும் கலையை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிரஸ்ஸல்ஸில் டேனிஷ் நாளிதழ் ஒன்றுக்குச் செய்தியாளராக இருந்தவர் பிரிகிட்டே ஆல்ஃப்டர். மானியம் வாங்குவோரின் பட்டியலை ஐரோப்பிய ஆணையத்திடம் கேட்டபோது, பணத்தைப் பட்டுவாடா செய்வது உறுப்பு நாடுகள்தானே, அவர்களைக் கேளுங்கள் என்று கைகாட்டியது ஆணையம். நாடுகளைக் கேட்டால் அவை பிரஸ்ஸல்ஸ் பக்கம் கைகாட்டும். நம் ஊர் அலுவலகங்களில் மேஜைக்கு மேஜை அலைந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. ஆனாலும் 2004இல் டென்மார்க் தன் பட்டியலை வெளியிட்டது. அமைச்சர்கள் சிலரின் குடும்பங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். சட்டத்தை மீறி யாரும் வாங்கவில்லை. மானியத்துக்கு வாக்களிப்பவர்களே மானியம் வாங்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

அடுத்தது பிரிட்டன். அங்கே தகவல் அறியும் சட்டம் 2005 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வந்த வேகத்தில் பத்திரிகைகள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று இது. மார்ச் மாதம் பட்டியல் வெளியானது. சாண்ட்ரிங்ஹாம் பண்ணைக்காக ராணி எலிசபெத்துக்குப் பல லட்சம் பவுண்டு. பட்டத்து இளவரசருக்கும் பங்கு. லண்டனின் விலை உயர்ந்த தெருக்களுக்குச் சொந்தக்காரரான வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனுக்கும் பங்கு. மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை இவர்கள்தான் நிரப்பினார்கள்.

அரச குடும்பத்தைப் பார்த்து எழுந்த கூச்சல் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. ஹெக்டேர் கணக்கில் பணம் என்று விதி செய்தால் ஹெக்டேர் அதிகம் உள்ளவருக்கு அதிகம் போகும். ராணி என்றால் நிலம் இருக்கும். அந்தப் பட்டியலில் வாசித்து வாசித்து யோசிக்க வேண்டிய பெயர் உச்சியில் இருந்தது. டேட் அண்ட் லைல். ஓராண்டில் 10 கோடி பவுண்டுக்கு மேல் வாங்கிய இந்த நிறுவனம் பிரிட்டனில் ஒரு கரும்புகூட நட்டதில்லை. கப்பலில் வரும் கச்சாச் சர்க்கரையைத் தேம்ஸ் நதிக்கரையில் சுத்திகரித்து விற்பது அதன் தொழில். அந்தச் சர்க்கரை மொரீஷியஸிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தது. அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் கதை நமக்குத் தெரிந்ததே. ஆலைக்கு ஏன் விவசாய மானியம்? ஐரோப்பாவுக்குள் சர்க்கரை விலையை உலக விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு உயரத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த விலையில் வாங்கிய சர்க்கரையை வெளிநாட்டுக்கு விற்றால் நட்டம் வரும். அந்த வித்தியாசத்தை ஏற்றுமதி ஈட்டுத்தொகை என்ற பெயரில் கஜானா கொடுத்தது. பெறுபவர் ஏற்றுமதியாளர். கணக்கில் மட்டும் விவசாயச் செலவு.

இந்த விதியைப் புரிந்துகொண்டால் பின்னாளில் வெளிவந்த வேடிக்கைப் பெயர்கள் எல்லாமே விளங்கிவிடும். ஜெர்மனியின் ஹரிபோ மிட்டாய் நிறுவனம் ஏன் பட்டியலில் இருந்தது? கரடி வடிவ மிட்டாயில் சர்க்கரை இருக்கிறது. அது எல்லை தாண்டிப் போகிறது. சுற்றுலாக் கப்பல்களுக்கு உணவு தரும் இத்தாலிய நிறுவனம் ஏன்? துறைமுகத்தில் கப்பலேறிய பால் பொடியும் சர்க்கரையும் ஏற்றுமதிக் கணக்கில்தான் சேர்ந்தன. மிட்டாய்க்காரனுக்கு மானியமா என்று சிரித்துவிட்டுப் போன பத்திரிகைகள் பெரும்பாலும் இந்த விளக்கத்தை எழுதவில்லை. பெயர் கிடைத்தது, பெயருக்குப் பின்னால் இருந்த விதி கிடைக்கவில்லை. பட்டியல்களின் வரலாறு நெடுக இந்தக் குறை தொடர்ந்து வருகிறது.

நெதர்லாந்திலும் 2005இலேயே பட்டியல் வந்தது. வேளாண் அமைச்சர் கேஸ் வேர்மன் நெதர்லாந்திலும் பிரான்சிலும் பண்ணை வைத்திருந்தவர். இரண்டுக்கும் மானியம் வாங்குகிறார் என்று நாடே அறிந்தது. பிரான்ஸ் அரைமனதோடு சிலதைச் சொன்னது. அங்கே கோதுமை நிலம் வைத்திருந்த மொனாக்கோ இளவரசரின் பெயர் அப்போது அடிபட்டது. ஜெர்மனி கையை விரித்தது.

முல்வாட், ஆல்ஃப்டர், இவர்களோடு பிரிட்டனின் ஜாக் தர்ஸ்டன். இந்த மூவரும் 2005இல் சேர்ந்து எல்லா நாட்டுத் தரவுகளையும் ஓரிடத்தில் குவிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். தர்ஸ்டன் வெளியாள் இல்லை. டோனி பிளேர் அரசில் வேளாண் அமைச்சராக இருந்த நிக் பிரவுனுக்கு ஆலோசகராக உள்ளேயே இருந்தவர். எதைக் கேட்டால் எது வரும் என்பது அவருக்குத் தெரியும். வந்ததெல்லாம் ஒரே அச்சில் வரவில்லை. ஒரு நாடு தாளில் அச்சடித்துக் கொடுக்கும், ஒரு நாடு தேட மட்டும் விடும், மொத்தமாக எடுக்க விடாது. ஒரே பண்ணை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பண்ணையாக நிற்கும். இவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி புலனாய்வு என்று சொல்லத்தக்கதே அல்ல. குப்பை பொறுக்கி, துடைத்து, அடுக்குவது. ஆனால் அதுதான் விஷயத்தைப் பிரஸ்ஸல்ஸின் மேஜைக்குக் கொண்டுபோனது.

மேஜைக்கு அந்தப்பக்கம் அப்போது உட்கார்ந்திருந்தவர் சீம் கல்லாஸ். எஸ்டோனியாவின் முன்னாள் பிரதமர். ஒன்றியத்தில் 2004இல் சேர்ந்த நாட்டிலிருந்து வந்த ஆணையத் துணைத்தலைவர். சோவியத் நிர்வாகத்துக்குள் வளர்ந்த ஒருவருக்கு, அரசு கோப்பை மூடிவைத்தால் என்ன ஆகும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2005 மார்ச்சில் அவர் ஐரோப்பிய வெளிப்படைத்தன்மை முயற்சி ஒன்றை அறிவித்தார். தரகர்களின் பதிவேடு, நெறிமுறைகள் என்று அதில் பல இருந்தாலும் நம் கதைக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒன்றியத்தின் பணத்தைப் பெறும் ஒவ்வொருவரின் பெயரும் வெளியாக வேண்டும். 2006 டிசம்பரில் நிதி விதிகளில் அது ஏறியது. 2007இல் வேளாண் நிதிக்கான சட்டம் திருத்தப்பட்டது. 2008 மார்ச்சில் வந்த நடைமுறை விதி எல்லாவற்றையும் நறுக்கென்று சொன்னது: பெயர், ஊர், அஞ்சல் குறியீடு, தொகை, யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள், இரண்டு ஆண்டுகளுக்கு.

முதல் முழுப் பட்டியலுக்கான கெடு 2009 ஏப்ரல் 30. மற்ற நாடுகள் முன்னே பின்னே வெளியிட்டன. ஜெர்மனி நின்றது. விவசாயிகள் நீதிமன்றங்களுக்குப் போயிருந்தார்கள், அதனால் காத்திருக்கிறோம் என்றது பெர்லின். அக்கம்பக்கத்தில் பொறாமையைக் கிளறிவிடும் பட்டியல் இது என்று விவசாயச் சங்கம் வாதாடியது. ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். அது முடிந்த பிறகுதான் ஜெர்மன் மாநிலங்களின் விவரம் வெளிவந்தது. பவேரியா மாநிலம் மட்டும் அதற்கும் மசியவில்லை. ஆணையம் நடவடிக்கையில் இறங்கியபிறகு ஆகஸ்டில்தான் வழிக்கு வந்தது. வெளிவந்த ஜெர்மன் பட்டியலின் தலையில் ஒரு விவசாயியும் இல்லை. 3 கோடி யூரோவுக்கு மேல் வாங்கிய ஜூட்சுக்கர் என்ற சர்க்கரை நிறுவனம் நின்றது.

ஜெர்மானியர்களின் தயக்கத்தை வெறும் பெருவிவசாயிகளின் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. ஒரு முழு தேசத்தைப் பதிவேடுகளால் ஆண்ட இரண்டு ஆட்சிகளை அடுத்தடுத்துக் கண்ட நாடு அது. 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எதிர்த்து வழக்கு நடந்து, தன்னைப் பற்றிய தகவலை என்ன செய்வதென்று முடிவெடுக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாடு. அதிலும் ஹெஸ்ஸன் மாநிலம் 1970லேயே தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. உலகில் அதற்கு முன் அப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது. நம் கதையைத் திருப்பிய வழக்கு அந்த ஹெஸ்ஸனிலிருந்தே கிளம்பியதில் பொருத்தம் இருக்கிறது.

ஒரு கூட்டுப் பண்ணையும், ஒரு முழுநேர விவசாயியும். இரு தரப்பும் 2008இல் மானியத்துக்கு விண்ணப்பித்து, தொகையும் அனுமதிக்கப்பட்டு, அதே ஆண்டிலேயே வீஸ்பாடன் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பணம் வேண்டும், பெயர் வெளிவரக் கூடாது. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்த நீதிமன்றமே சுட்டிக்காட்டியபடி, மானியம் இவர்களைப் போன்றோரின் மொத்த வருமானத்தில் 30 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். மானியத் தொகையைச் சொல்வது கிட்டத்தட்ட அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைச் சொல்வதுதான். சில நூறு பேர் வாழும் ஊரில், அஞ்சல் குறியீட்டோடு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டீர்களே, வெளியிடுவோம் என்று அதில் எழுதியிருக்கிறதே என்று அரசுத் தரப்பு கேட்டது. அறிந்துகொண்டேன் என்று கையெழுத்திடுவது சம்மதம் ஆகாது என்பது பதில். பட்டியலைப் பார்க்க வருகிறவரின் கணினி முகவரியையும் அரசு பதிவு செய்கிறதே, அது சரியா என்றுகூட வீஸ்பாடன் நீதிபதிகள் கேட்டார்கள். வழக்கு பின்னர் போய்ச் சேர்ந்த ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2009 பிப்ரவரியில் வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே காத்திருந்தபோது ஒரு திருப்பம். அந்த டிசம்பர் 1 அன்று லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனம் சட்ட பலம் பெற்றது. தனிநபர் தரவைப் பாதுகாக்கும் உரிமை அதில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. வழக்கு தொடங்கியபோது இல்லாத ஆயுதம் தீர்ப்பு எழுதும்போது மேஜையில் இருந்தது. 2010 ஜூனில் நீதிமன்றத்தின் சட்டக் கருத்துரையாளர்களில் (அட்வகேட் ஜெனரல்) ஒருவரான எலனோர் ஷார்ப்ஸ்டன் விதிகள் செல்லாது என்று கருத்துரைத்தார். நவம்பர் 9 அன்று பேரமர்வு தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பை ஆணையத்துக்கு விழுந்த அடி என்று பலரும் சுருக்கிவிடுகிறார்கள். படித்துப் பார்த்தால் அது அவ்வளவு எளிமையானது அல்ல. வரிப்பணம் எங்கே போகிறது என்று அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். நிறுவனங்களின் பெயரை வெளியிடுவதில் தவறில்லை என்றார்கள். ஆனால் வெளிப்படைத்தன்மை என்று சொன்னாலே தனியுரிமை தானாக ஒதுங்கிவிட வேண்டும் என்பதில்லை. எவ்வளவு தொகை, எத்தனை காலமாக, எத்தனை முறை, எந்த வகை உதவி என்று எதையும் பிரித்துப் பார்க்காமல், நூறு யூரோ வாங்கியவரையும் லட்சம் யூரோ வாங்கியவரையும் ஒரே பலகையில் எழுதிவைக்கச் சொன்னதுதான் பிழை. குறைவாகத் துளைக்கும் வழி வேறு உண்டா என்று சட்டம் செய்தவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை என்றும் சொன்னார்கள். தனிமனிதர்களைப் பொறுத்தவரை விதி செல்லாது. சாசனத்தை அளவுகோலாக வைத்து ஒன்றியத்தின் சட்டத்தையே நீதிமன்றம் தள்ளுபடி செய்த முதல் சில வழக்குகளில் ஒன்றாக அது சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்தது. பெயர் வெளிவரக் கூடாது என்று வழக்காடியவர்களின் பெயராலேயே அந்தத் தீர்ப்பு இன்று எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் அழைக்கப்படுகிறது. நான் அதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தீர்ப்பின் தர்க்கத்தில் எனக்குக் குறை இல்லை. விளைவில் உண்டு. தொகையைப் பொறுத்து வேறுபடுத்துங்கள் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. 2011 ஏப்ரலில் ஆணையம் செய்த அவசர விதியோ தனிமனிதர் பெயர்கள் அத்தனையையும் ஒரே வீச்சில் நீக்கியது. மூன்று ஹெக்டேரில் பீட்ரூட் போடும் சிறு விவசாயி மறைந்தார். அவரோடு, நிறுவனமாகப் பதிவு செய்யாமல் சொந்தப் பெயரிலேயே ஆயிரம் ஹெக்டேர் வைத்திருந்த மிராசுதாரும் மறைந்தார். நிழல் யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவரைவிட இவருக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது. தர்ஸ்டன் குழுவின் கிடங்கில் பல நாடுகளின் வரிசைகள் திடீரென்று சுருங்கின.

மறுபடி சட்டம் எழுத இரண்டரை ஆண்டு பிடித்தது. ருமேனியரான டாச்சியன் சியோலோஷ் வேளாண் ஆணையராக இருந்த காலம் அது. 2012இல் வரைவு, 2013 டிசம்பரில் சட்டம். இந்த முறை சட்டத்தின் முகவுரை நீளமாக இருக்கிறது. பழைய சட்டம் ஏன் வெளியிட வேண்டும் என்பதைச் சுருக்கமாகவே சொன்னது. புதியது வரிக்கு வரி காரணம் சொல்கிறது. நேரில் போய்ச் சோதிக்கும் பண்ணைகள் ஒரு சிறு பங்குதான், மீதியைப் பொதுமக்களின் கண்தான் காக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. சிறு விவசாயிகள் திட்டத்தின் உச்சத்தொகைக்குள், அதாவது பெரும்பாலான நாடுகளில் 1,250 யூரோவுக்குள், வாங்கியவருக்குப் பெயர் கிடையாது, வெறும் குறியீடு. அதற்கு மேல் போனால் பெயரோடு எந்த உதவி, எதற்காக என்ற விவரமும் சேர்ந்து வரும். கெடு மே 31. 2015இல் தனிமனிதர்களின் பெயர்கள் திரும்பி வந்தன. இடையில் விழுந்த ஆண்டுகளுக்கான பெயர்களை யாரும் பின்னோக்கி வெளியிடவில்லை.

இரண்டு ஆண்டு என்ற எல்லை அப்படியே இருந்தது. மூன்றாம் ஆண்டு வந்ததும் முதலாம் ஆண்டின் பக்கம் அழிந்துவிடும். பத்து ஆண்டாக ஒரு பண்ணை எப்படி வளர்ந்தது என்று அறிய, ஒவ்வோர் ஆண்டும் கெடு நாளில் உட்கார்ந்து பட்டியலை இறக்கிச் சேமித்து வைத்த ஆர்வலர்களிடம்தான் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. பட்டியல் பணம் வாங்கியவரின் பெயரைச் சொல்லும். வாங்கியவருக்குச் சொந்தக்காரர் யார் என்று சொல்லாது. செக் நாட்டின் அக்ரோஃபெர்ட் குழுமத்தில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள். அதைக் கட்டியெழுப்பிய ஆண்ட்ரே பாபிஷ் 2017இல் நாட்டின் பிரதமரானார். பட்டியலில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பெயரில் சிதறிக் கிடந்தது. எந்த வரியிலும் பாபிஷ் இல்லை. கம்பெனிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஒட்டினால்தான் படம் தெரியும். அந்தத் தாக்கத்தில் 2021இல் வந்த வேளாண் நிதிச் சட்டம், விண்ணப்பிக்கும் நிறுவனம் ஒரு குழுமத்தைச் சேர்ந்ததென்றால் தாய் நிறுவனத்தின் பெயரையும் சொல்ல வேண்டும் என்றது. ஆனால் மறு ஆண்டே, 2022 நவம்பர் 22 அன்று, அதே லக்சம்பர்க் நீதிமன்றம் கம்பெனிகளின் உண்மை உரிமையாளர் பதிவேட்டை எல்லோருக்கும் திறந்துவைப்பது தனியுரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பல நாடுகள் பதிவேட்டைப் பொதுமக்களுக்கு மூடின. பத்திரிகையாளர்கள் தகுந்த காரணம் காட்டினால் பார்க்கலாம் என்பதே எஞ்சிய வழி.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கம்பெனிப் பதிவேடுகளையும் மானியப் பட்டியலையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் வயல்களில் நுழைந்த இத்தாலியர்களைப் பின்தொடர்ந்தார் இருபத்தேழு வயதுப் பத்திரிகையாளர் ஒருவர். யான் குட்சியாக் என்று பெயர். 2018 பிப்ரவரியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்தக் கட்டுரை முடியாமல் கிடந்தது. அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)